கீரிமலை தவிர வேறு மலை தெரியாத இரண்டு பேர்

யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு மலை என்றால் கீரிமலைதான். அங்கே போனால் கேணிக்குள் இறங்கலாம், கடலுக்குள் இறங்கலாம்; ஏறுவதற்கு ஒன்றுமில்லை. ஐம்பத்திரண்டு வயது வரைக்கும் நான் ஏறின ஆக உயரம் தங்கச்சி வீட்டு மொட்டை மாடி, அதுவும் வடகம் காயவைக்க. தையல் மெஷின் மிதித்த கால் என்றபடியால் பலமான கால் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போனது மச்சாளோடு. இவருடைய, அதாவது என் கணவருடைய அக்கா, வயது அறுபத்தொன்று. மகனுக்குச் சுகமில்லாத காலத்தில் சிவனொளிபாதமலைக்கு நேர்த்தி வைத்தவர். மகன் சுகமாகி, கலியாணமும் கட்டி, கனடாவுக்கும் போய்விட்டான். நேர்த்திக்கு இருபது வருச வட்டி ஏறிவிட்டது. வான்காரர் சொன்ன கணக்கைக் கேட்டதும் மச்சாள் ஃபோனை வைத்துவிட்டார். "சிவனுக்கு நேர்ந்ததை வானுக்குக் குடுக்கேலாது. பஸ்ஸிலை போவம். நீரும் வாரும்."

வாரும் என்றால் வரத்தான் வேணும்.

பெப்ரவரி 12, 2024, திங்கள்: யாழ்ப்பாணம் – ஹட்டன்

விடிய ஐந்தரைக்கு பஸ் நிலையம். மச்சாளிடம் மூன்று பைகள். ஒன்றில் சாப்பாடு: புளிச்சாதம், பருத்தித்துறை வடை, எள்ளுப்பாகு, பனங்கட்டிக் குட்டான் பத்து. ஒன்றில் குளிர்ச்சட்டைகள். மற்றதில் மிச்சம் எல்லாம்.

முறிகண்டியில் பஸ் நின்றது. அங்கே நில்லாமல் போகிற பஸ்ஸை நான் இன்னும் காணவில்லை. சாரதி இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார், சனம் இறங்கிக் கச்சான் வாங்கியது. எங்களுக்கும் ஒரு பை, இருநூறு ரூபா. மச்சாள் கோதுகளை ஒன்று விடாமல் மடியில் சேர்த்து வைத்திருந்தார். "பஸ்ஸுக்குள்ளை போடுறது பழக்கமில்லாத வேலை."

வவுனியாவில் ஏறின ஒரு ஐயா எனக்குப் பக்கத்தில் இருந்தார். மதவாச்சிச் சந்தியில், மன்னார் வீதி வந்து சேருகிற இடத்தைக் காட்டி, "போன வருசம் இதாலைதான் நடந்தனாங்கள்" என்றார். மலையக மக்கள் வந்து 200 வருசம் என்று 2023இல் தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரைக்கும் ஒரு நடைபயணம் போனதல்லவா, அதில் இவரும் நடந்திருக்கிறார். கோப்பித் தோட்டத்துக்கு வந்த ஆட்கள் கப்பலால் இறங்கி, காடு வழியே, காய்ச்சலிலும் பசியிலும் செத்தது போக மிச்சப் பேர் நடந்து போய்ச் சேர்ந்த வழி. மச்சாள் எட்டிப் பார்த்து, "பதினைஞ்சு நாள் நடந்தனீங்களோ? உங்கடை முழங்காலுக்கு என்ன பூசினனீங்கள்?" என்று கேட்டார். அந்த நேரம் எனக்கு வெட்கமாக இருந்தது. மூன்றாம் நாள் அதைவிட நல்ல கேள்வி இல்லை என்று விளங்கியது.

தம்புள்ளை தாண்டி ஒரு சாப்பாட்டுக் கடையில் அரை மணித்தியாலம். மீன் கறியோடு சோறு 750. ஜனவரியில் வற் வரி 18 வீதமாக ஏறினதில் இருந்து எதைக் கேட்டாலும் அந்தக் கதைதான் சொல்லுகிறார்கள். நாங்கள் பிளேன்ரீ மட்டும் எடுத்து, கடைசி மேசையில் எங்கள் புளிச்சாதத்தை அவிழ்த்தோம். கலைப்பார்கள் என்று நினைத்தேன். பரிமாறுகிற பெடியன் கேட்காமலே இரண்டு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான்.

கண்டியில்தான் பிழைத்தது. இறங்குகிற அவசரத்தில் சாப்பாட்டுப் பையைக் காப்பாற்றினோம், குளிர்ச்சட்டைப் பையை விட்டுவிட்டோம். ஹட்டன் பஸ்ஸில் ஏறின பிறகுதான் மச்சாள் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். இரண்டு விரல்தான் மடங்கியது. திரும்பப் போய்த் தேட, வந்த பஸ்ஸைக் காணவில்லை.

நாவலப்பிட்டி கழிய வளைவுகள் தொடங்கின. எங்கள் ஊரில் பஸ் திரும்பினால் ஒரு சந்தி வந்திருக்கும். இங்கே சந்தியே இல்லாமல் பஸ் திரும்பிக்கொண்டே இருந்தது. நின்றுகொண்டு வந்த மச்சாளுக்கு ஒரு சிங்களப் பிள்ளை எழும்பி இடம் கொடுத்து, கையில் ஒரு துண்டு தேசிக்காயும் வைத்தாள், மணந்து பார்க்கச் சொல்லி. மச்சாளுக்குத் தெரிந்த ஒரே சிங்களச் சொல் 'ஸ்துதி', நன்றி. அதை ஹட்டன் வரைக்கும் ஐந்து தரம் சொன்னார்.

இரவு எட்டு மணி. குளிர். லொட்ஜில் இருந்த கம்பளியில் முந்திப் படுத்தவர்களின் வாசம். இரண்டு பேரும் சேலைக்கு மேல் சேலை சுற்றிக்கொண்டு படுத்தோம்.

பெப்ரவரி 13, செவ்வாய்: மஸ்கெலியா, நல்லதண்ணி

மலையடிவாரத்தில் இருக்கிற நல்லதண்ணிக்குப் போகிற பஸ்ஸில் யன்னல் பக்கம் கிடைத்தது. வழியில் ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு பெயர்ப்பலகை, பாதிக்கு மேல் வெள்ளைக்காரர்களின் ஊர்ப் பெயர். நான் எல்லாவற்றையும் வாசித்துக்கொண்டு வந்தேன். அதற்கு ஒரு காரணம் இருக்கு.

எனக்குப் பத்து வயதாக இருக்கும்போது அம்மம்மா வீட்டில் வேலைக்கு ஒரு பிள்ளை நின்றாள். என் வயது, இல்லாவிட்டால் ஒன்றிரண்டு கூட. செல்வி என்று கூப்பிடுவோம். அது அம்மம்மா வைத்த பெயர். யாரோ தெரிந்த ஆட்கள் மலைநாட்டில் இருந்து கூட்டிக்கொண்டு வந்து விட்டது. அந்தக் காலம் எங்கள் ஒழுங்கையில் நாலைந்து வீட்டில் அப்படிப் பிள்ளைகள் நின்றார்கள். முற்றம் கூட்டுவாள், அம்மம்மாவுக்கு வெற்றிலை இடிப்பாள், நாங்கள் சாப்பிட்ட பிறகு குசினிக்குள் இருந்து சாப்பிடுவாள். 83 கலவரத்துக்கு முந்தின பொங்கலுக்குத் தகப்பன் வந்து கூட்டிக்கொண்டு போனவர். எந்தத் தோட்டம் என்று நான் கேட்டதில்லை. நான் புறப்படுகிற நேரம் எதிர்வீட்டு அக்கா, "தோட்டக்காட்டுப் பக்கம், சாமான் கவனம்" என்றார். மலையக ஆட்களை இளக்காரமாகச் சொல்லுகிற அந்தச் சொல்லை இப்போதும் எங்கள் ஊரில் உப்பு, புளி மாதிரிச் சொல்லுகிறோம்.

பஸ்ஸில் முன் சீட்டில் ஒரு தாத்தா மவுசாக்கலை நீர்த்தேக்கத்தைக் காட்டி, பழைய மஸ்கெலியாப் பட்டினம் அதற்குள்தான் கிடக்கிறது என்றார். தண்ணீர் நன்றாக இறங்கினால் பழைய கோயில் வெளியே தெரியுமாம். "இப்ப தண்ணி நெறைஞ்சிருக்கு. சாமி உள்ள இருக்காரு," என்றார். மச்சாள் தண்ணீரைப் பார்த்துக் கும்பிட்டார்.

மஸ்கெலியாவில் பழைய சட்டைக் கடை ஒன்றில் இரண்டு கம்பளிச் சட்டை வாங்கினோம். ஒன்று 800, பேரம் பேசி 650. மச்சாளின் சட்டையில் பனிமனிதன் படம் பின்னியிருந்தது. என் தொழில் புத்தி விடவில்லை, தையலைத் திருப்பிப் பார்த்தேன். நல்ல தையல். மச்சாள் அந்தப் பனிமனிதனோடுதான் நேர்த்தி தீர்த்தார்.

நல்லதண்ணியில் அறை நாலாயிரம். பின்னேரம் ஏழு மணிக்கே படுத்தோம். வெளியே பார்த்தால் இருட்டில் மலை தெரியவில்லை. பாதை விளக்குகள் மட்டும் மேலே மேலே போய், ஒரு இடத்தில் வெள்ளியோடு கலந்து, எது விளக்கு எது வெள்ளி என்று தெரியாமல் நின்றது. "அந்தக் கடைசி விளக்கு வரைக்குமோ?" என்றார் மச்சாள். நான் அது வெள்ளி என்று சொல்லிவிட்டேன். பொய்.

பெப்ரவரி 14, புதன்: மலை

இரவு பன்னிரண்டரைக்கு வெளிக்கிட்டோம். உயரம் 2243 மீற்றர், படி ஐயாயிரத்துக்கு மேல். எண்ணுகிறேன் என்று தொடங்கி 340இல் விட்டுவிட்டேன்.

சைவர்களுக்குச் சிவன் பாதம், பௌத்தர்களுக்குப் புத்தர் பாதம், முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் ஆதாம் கால் வைத்த இடம். 1344இல் இபன் பதூதா இந்த மலைக்கு வந்தபோது வழியனுப்பி வைத்தது எங்கள் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி. பல்லக்கு, வருசாவருசம் மலைக்குப் போகிற நாலு யோகிகள், மூன்று பிராமணர், சாமான் தூக்கப் பதினைந்து பேர் என்று கொடுத்து அனுப்பியிருக்கிறார். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த எங்களுக்கு இருந்தது ஒரு டோர்ச், அதுவும் மங்கல்.

எங்களைக் கடந்து போகிற, எதிரே இறங்குகிற எல்லாரும் 'கருணாவை' என்று சொல்லிப் போனார்கள். முதல் அரை மணித்தியாலம் கூச்சம், பிறகு நாங்களும் சொன்னோம். ஒரு வயோதிபத் தாய், எண்பது இருக்கும், வெள்ளைச் சேலை, வெறுங்கால், இரண்டு பேரன்மார் பிடித்துக்கொண்டு. "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று என் ஓட்டைச் சிங்களத்தில் கேட்டேன். பேரன் சிரித்து, அப்படிக் கேட்கக் கூடாது, கேட்டால் தூரம் கூடும் என்றான். அதற்குப் பிறகு நாங்கள் ஒருவரையும் கேட்கவில்லை. மச்சாள் மட்டும் ஒவ்வொரு தேத்தண்ணிக் கடையிலும் இருந்து என்னைப் பார்த்தார்.

காதலர் தினம் என்பது எனக்கு மறந்தே போச்சு. சோடி சோடியாகப் பெடியன் பெட்டைகள், ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். மச்சாள் பார்த்துவிட்டு, "இதிலை ஏறி இறங்கியும் கையை விடாட்டில் கட்டி வைக்கலாம்" என்றார். யோசித்தால் சாதகம் பார்க்கிறதை விட இது நல்ல பரீட்சை.

இந்திகட்டுபான என்கிற இடத்தில் ஊசியில் நூல் கோர்த்துப் போடுகிறார்கள். புத்தர் சீவரத்தைத் தைக்க இருந்த இடம் என்று நம்பிக்கை. பாதை ஓரம் முழுக்க வெள்ளை நூல், புதர்களுக்கு மேல் நூலாம்படை மாதிரிப் படர்ந்து, விளக்கு வெளிச்சத்தில் ஈரமாக மினுங்கியது. முப்பது வருசமாய் ஊசி நூலில் சீவிக்கிற நான் வெறும் கையோடு நிற்கிறேன். மச்சாள் இடுப்பில் இருந்து ஒரு ஊசியை எடுத்தார். சட்டை கிழிந்தால் என்று கொண்டுவந்ததாம். அந்தக் குளிரில் என் விரல் நடுங்கி, நாலு தரம் பிழைத்து, ஐந்தாம் தரம்தான் நூல் கோர்பட்டது.

கடைசிப் பகுதி ஏணி மாதிரி. இரும்புக் கைபிடியைப் பிடித்தால் குளிர் எலும்புக்குப் போகிறது. நான் ஒரு படி, மச்சாள் ஒரு படி, இரண்டு பேரும் மூச்சு. ஆறு மணிக்குக் கொஞ்சம் முந்தி மேலே நின்றோம். முதல் தரம் வந்தவர்கள் மணியை ஒரு தரம் அடிக்கலாம். மச்சாள் அடித்தார். கர்ப்பூரம் கொளுத்தி, கண்ணை மூடிக்கொண்டு நின்ற நேரத்தைப் பார்த்தால் இருபது வருசத்து வட்டியையும் சேர்த்துக் கட்டியிருக்கிறார்.

சூரியன் வந்ததும் எல்லாரும் கிழக்கைப் பார்க்க, ஒரு பொலிஸ்காரர் எங்களை மற்றப் பக்கம் கூட்டிப்போய்க் காட்டினார். மேற்கே முகில் மேல் மலையின் நிழல், கொப்பிப் பேப்பரில் அடிமட்டம் வைத்துக் கீறின மாதிரி நேரான முக்கோணம். மலை அப்படி நேராக இல்லை, நிழல் மட்டும் எப்படி நேராக விழுந்தது என்று இன்னும் யோசிக்கிறேன்.

ஏறினது பெரிதில்லை. இறங்கினதுதான். ஐந்து மணித்தியாலம். பாதி வழியில் என் முழங்கால் என்னைக் கேட்காமல் தானாக மடங்கத் தொடங்கியது. கடைசி ஆயிரம் படி நண்டு மாதிரிப் பக்கவாட்டில் இறங்கினோம். எதிரே காஸ் சிலிண்டர் ஒன்றைப் பிடரியில் வைத்துக்கொண்டு ஒரு பெடியன் ஏறி வந்தான். மேலே கடைகளுக்குச் சாமான் எல்லாம் இப்படித்தான் போகிறது. காலில் பாட்டாச் செருப்பு. "ஓரமா வாங்கம்மா, உக்காந்துக்கிட்டே எறங்காதீங்க, கால் புடிச்சுக்கும்," என்று சொல்லிவிட்டு மூச்சு வாங்காமல் போனான்.

பெப்ரவரி 15, வியாழன்: பஸ், பஸ், பஸ்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, வெலிமடை, ஹப்புத்தளை. றெயினில் போயிருக்கலாம், போகிற ஆட்கள் எல்லாம் றெயினில்தான் போகிறார்கள். மச்சாளால் ஸ்ரேஷன் மேம்பாலப் படி ஏற முடியாது, அதனால் பஸ்.

பஸ்ஸுக்கும் படி இருக்கிறது என்பதை நாங்கள் யோசிக்கவில்லை. மூன்று படி. ஒவ்வொரு மாற்றத்திலும் கொண்டக்டர் ஒரு கை, நான் ஒரு கை. சீதாஎலியவில் சீதையம்மன் கோயிலை யன்னலால் கும்பிட்டோம். "சீதையும் நடந்துதானே திரிஞ்சவ, விளங்கும்," என்றார் மச்சாள்.

வெலிமடைப் பக்கம் வீதியோரக் கடைகளில் கரட் குவித்து வைத்திருந்தார்கள். ஜனவரியில் கிலோ இரண்டாயிரம் வரைக்கும் போன கரட். மச்சாள் பஸ்ஸில் இருந்தபடியே விலை கேட்டுக் கத்தினார், கடைக்காரர் பதில் சொல்ல முதல் பஸ் எடுத்துவிட்டது. இரவு ரொட்டியும் கட்டைச் சம்பலும். இரண்டு பேரின் காலுக்கும் பூசிப் பூசி சித்தாலேபத் தைலம் ஒரு சின்னப் போத்தல் முடிந்தது.

பெப்ரவரி 16, வெள்ளி: தம்பேதென்ன

மச்சாள் ஓய்வெடுப்பார் என்று நினைத்துத்தான் லிப்டன் சீட் போகிறேன் என்று சொன்னேன். "அங்கையும் படியோ?" "இல்லை, றோட்டுத்தான்." "அப்ப நானும் வாறன்."

ஹப்புத்தளையில் ஓட்டோக்காரர் மேலே போய் வர 3500 கேட்டார். தம்பேதென்ன பஸ்ஸுக்கு நூறு ரூபா நீட்டினால் மிச்சம் தந்தார்கள். தோட்டத்து ஆட்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஒரு அரிசி மூட்டை, நாங்கள். தாமஸ் லிப்டன் 1890இல் வந்து வாங்கின தோட்டம் இது. தொழிற்சாலையடியில் பஸ் நிற்கிறது. அங்கே இருந்து லிப்டன் உட்கார்ந்து பார்த்த உச்சிக்கு 7 கிலோமீற்றர், தேயிலைக்குள்ளால் வளைந்து வளைந்து. இந்தப் பக்கங்களில் இப்போது பெக்கோ ட்ரெயில் என்று 300 கிலோமீற்றருக்கு மேல் நடைபாதைக்குப் பலகை நட்டிருக்கிறார்கள். 22 கட்டம். நடக்கிறவர்கள் வெளிநாட்டுக்காரர். பாதை புதிதாக வெட்டினது இல்லை, தோட்டத்துப் பழைய பாதைகள்தான்.

மூன்றாவது கிலோமீற்றரில் என் சப்பாத்தின் அடி வாயைப் பிளந்துவிட்டது. முன்பக்கம் முதலை மாதிரி. ஒரு கல்லில் இருந்து அதைக் கையில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்க, மேல் வரிசையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா கூடையோடு இறங்கி வந்தார். இடுப்பில் படங்கு, கையில் கறை.

"எந்த ஊருங்க?"

"யாழ்ப்பாணம்."

"அடேயப்பா. அம்புட்டுத் தூரத்துலருந்து என்னாத்துக்கு?"

"மலை ஏற வந்தனாங்கள்."

அவர் திரும்பி மேலே நின்றவர்களுக்குக் கத்தினார், "மலைக்கு வந்திருக்காங்களாம்டி!" வரிசை முழுக்கச் சிரிப்பு. எங்களுக்கு விளங்கவில்லை. பிறகு அவரே சொன்னார். அவர்களுக்கு மலை என்றால் கொழுந்து எடுக்கிற இடம். நாலாம் நம்பர் மலை, ஏழாம் நம்பர் மலை. மலைக்குப் போறேன் என்றால் வேலைக்குப் போறேன். "நாங்களும் மலைக்குத்தாங்க வந்திருக்கோம். பதினெட்டு கிலோ எடுத்தா முழுப்பேரு, ஆயிரம் ரூவா. கொறைஞ்சா அரைப்பேரு." பேர் என்றால் ஒரு நாள் கூலி, செக்ரோல் என்கிற வரவுப் பதிவில் விழுகிற பேர். 1700 கேட்டு எவ்வளவு காலமாகக் கத்துகிறோம் என்றும் சொன்னார்.

சொல்லிக்கொண்டே சப்பாத்தை வாங்கி, படங்குக்குள் இருந்து ஒரு சணல் கயிறு எடுத்தார். அடியைச் சுற்றி இரண்டு, குதிக்குப் பின்னால் ஒன்று, கணுக்காலுக்கு மேல் குறுக்காகப் போட்டு, பல்லால் இழுத்து ஒரு முடிச்சு. நான் எத்தனையோ முடிச்சுப் போட்டிருக்கிறேன். இது எனக்குத் தெரியாத முடிச்சு. இழுக்க இழுக்க இறுகுகிறது, ஒரு நுனியைத் தட்டினால் கழருகிறது. திருப்பிக் காட்டச் சொல்லிக் கேட்டேன். காட்டினார். கைக்குப் பிடிபடவில்லை.

"எங்க சின்னம்மா வீடு உங்க பக்கந்தான். 77 கலவரத்துல கெளம்பிப் போனவுங்க. கிளிநொச்சி, தர்மபுரம். தெரியுங்களா?"

பரந்தனில் தர்மபுரத்துக்குத் திரும்புகிற சந்தியைத் தெரியும். அந்தச் சந்தியை எத்தனையோ தரம் பஸ்ஸில் கடந்திருக்கிறேன். திரும்பினதில்லை. "தெரியும்," என்று மட்டும் சொன்னேன்.

செல்வியைப் பற்றிக் கேட்க நினைத்தேன். என்ன என்று கேட்கிறது? நாங்கள் வைத்த பெயரைச் சொல்லியா?

காசு நீட்ட, வாங்கவில்லை. மச்சாள் மூன்று பனங்கட்டிக் குட்டானை எடுத்துக் கொடுத்தார். அவர் ஓலையை மணந்து பார்த்து, "கருப்பட்டியா?" என்று கேட்டு இடுப்பில் செருகிக்கொண்டார். கங்காணி தூரத்தில் தெரிய, கூடையை நெற்றியில் மாட்டிக்கொண்டு ஏறினார். ஏறினார் என்றால், நாங்கள் நேற்று முன்தினம் கைபிடி பிடித்து ஏறின அதே சரிவு, கைபிடி இல்லாமல்.

உச்சிக்குப் போய்ச் சேர ஒன்பதரை. முகில் எங்களுக்கு முந்தி வந்துவிட்டது. தெளிவான நாளில் உடவளவை வரைக்கும் தெரியுமாம். எங்களுக்கு லிப்டனின் சிலை தெரிந்தது, பக்கத்தில் இருந்த நாய் தெரிந்தது. சூடான ரொட்டியும் தேத்தண்ணியும் நன்றாக இருந்தது.

பெப்ரவரி 17 – 18: வீடு

ஹப்புத்தளையில் இருந்து பதுளை, பதுளையில் இருந்து கண்டி, கண்டியில் இருந்து இரவு பஸ். சொல்ல ஒன்றுமில்லை, பரந்தனில் நான் விழித்திருந்தேன் என்பதைத் தவிர. இருட்டில் சந்தி போனது.

ஞாயிறு விடிய யாழ்ப்பாணம். இவர் வந்து ஓட்டோவில் ஏற்றினார். மச்சாள் தன் வீட்டு விறாந்தையின் இரண்டு படியையும் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்று, பக்கவாட்டில் ஏறினார். பனிமனிதன் சட்டையை இன்னும் கழற்றவில்லை.

பின்னேரம் சின்னம்மாவுக்கு ஃபோன் எடுத்தேன். அம்மம்மா வீட்டில் நின்றவர்களில் இப்போது இருக்கிறது அவர் மட்டும்தான். செல்வி எந்த ஊர் என்று கேட்டேன். எந்தச் செல்வி என்றார். சொன்னேன்.

"ஓ, அந்தப் பெட்டையோ. அட்டனோ பதுளையோ, ஏதோ ஒரு தோட்டம். ஏன் பிள்ளை இப்ப கேக்கிறாய்?"

ஹட்டனில் இருந்து பதுளைக்கு பஸ்ஸில் ஒரு பகல் போகிறது. வழி முழுக்கப் பெயர்ப்பலகை.